வால்வு மாற்றியவருக்குப் பல் பிடுங்க சேலத்தில் யாரிடம் போகலாம்?

வணக்கம். எங்கள் அத்தை ஏற்காடு நாகலூர்க்காரர். சின்ன வயதில் வந்த ரூமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிட்டதால் உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். இப்போது கடைவாய்ப் பல் ஒன்று ஆடி, ஈறு வீங்கிச் சீழ் வைத்திருக்கிறது. பிடுங்கியே ஆக வேண்டும்.

வாயில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி அப்போது ரத்தத்தில் கலந்து, செயற்கை வால்வில் ஒட்டி வளர்ந்தால் எண்டோகார்டைடிஸ், அதாவது இதயத்தின் உட்புறத்திலும் வால்விலும் வரும் கிருமித் தொற்று. வந்தால் வாரக்கணக்கில் ஊசி மருந்துதான். அதைத் தடுக்க, பிடுங்குவதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்னால் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் 2 கிராம், ஒரே வேளை, என்று இதய டாக்டர் எழுதியிருக்கிறார். வீட்டில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால், 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஐந்து ரோடு வந்து சேர்வதற்குள் நேரம் தாண்டிவிடும். அதனால் கிளினிக்கிலேயே மாத்திரை கொடுத்து உட்காரவைக்கும் பல் டாக்டர் வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை வேறு சாப்பிடுகிறார். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் டெஸ்ட் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. போன இடம் ஒன்றில் "அதெல்லாம் ஒன்றும் ஆகாதும்மா" என்றார்கள், எழுந்து வந்துவிட்டோம்.

அப்புறம், பின்னால் காய்ச்சல் விடாமல் அடித்தால் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். உணவுக்குழாய் வழியாக இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் உண்டா? வால்வு வைத்தவர்கள் வீட்டில் இருந்தால் எங்கே காட்டினீர்கள் என்று சொல்லுங்கள். கிராம்பு, உப்புத் தண்ணீர் எல்லாம் பார்த்தாயிற்று, அது வேண்டாம்.