மியூனிக் 1938: சேம்பர்லின் அவகாசம் வாங்கினாரா, அடுத்தவர் நிலத்தை விற்றாரா?

பழையதாள்:
மியூனிக் என்ற ஊர்ப்பெயர் அரசியல் பேச்சில் வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. 1938 செப்டம்பரில் அந்த ஜெர்மானிய நகரில் பிரிட்டிஷ் பிரதமர் நெவில் சேம்பர்லின், செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதியான சூடேட்டன்லாந்தை ஹிட்லருக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதித்தார். ஓராண்டுக்குள் போர் வந்தது. ஆகவே அவர் கோழை என்று கதையை முடித்துவிடுகிறோம். முதல் உலகப் போரில் பிரிட்டன் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்து 20 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. லண்டன் பூங்காக்களில் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்தார்கள்; மக்களுக்கு நச்சுவாயு முகமூடி வழங்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்பிட்ஃபயர் போர்விமானங்கள் ஒரே ஒரு படையணிக்கு, அதுவும் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. கனடாவும் தென்னாப்பிரிக்காவும் செக்கர்களுக்காகப் போரில் இறங்க விரும்பவில்லை. ஜெர்மனி படையெடுத்தால் அந்த நாட்டைக் காப்பாற்ற இயலாது என்று முப்படைத் தலைவர்கள் மார்ச் மாதமே அறிக்கை கொடுத்திருந்தார்கள். இந்த நிலையில் அவகாசம் தேடியவரைக் கோழை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எல்லைக்கல்:
அவகாசம் தேடியது பிழையில்லை. அதற்கான விலையை அடுத்தவர் நிலத்திலிருந்து எடுத்துக் கொடுத்ததைத்தான் பிழை என்கிறோம். செப்டம்பர் 29 அன்று ஹிட்லர், இத்தாலியின் முசோலினி, சேம்பர்லின், பிரெஞ்சுப் பிரதமர் தலாதியே ஆகிய நால்வரும் மேசையில் இருக்க, யாருடைய நாடு துண்டாடப்பட்டதோ அந்த நாட்டின் பிரதிநிதிகள் இருவர் விடுதி அறையில் காவலுக்குள் காத்துக்கிடந்தார்கள். நள்ளிரவு தாண்டிய பிறகு அவர்களை அழைத்து ஒப்பந்தத்தையும் வரைபடத்தையும் கையில் கொடுத்தபோது சேம்பர்லின் ஓயாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார் என்று அவர்களில் ஒருவர் தன் அரசுக்கு எழுதிய அறிக்கையில் குறித்திருக்கிறார்.

இனி உங்கள் அவகாசக் கணக்குக்கு வருகிறேன். சூடேட்டன்லாந்தோடு செக்கர்களின் மலையெல்லை அரண்களில் பெரும்பகுதி போயிற்று. செப்டம்பர் 23 அன்று விடுத்த அழைப்பை ஏற்று அணிதிரண்டிருந்த 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் சண்டையே இல்லாமல் வீடு திரும்பினார்கள். 1939 மார்ச் 15 அன்று ஜெர்மானியப் படை செக் தலைநகர் பிராகுக்குள் நுழைந்தபோது ஸ்கோடா ஆயுத ஆலையும் அதன் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு பிரான்சுக்குள் பாய்ந்த ஜெர்மானியத் தளபதி ரோமலின் 7ஆம் கவசப் படைப்பிரிவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு டாங்கிகள் செக் நாட்டுத் தயாரிப்பு.

பழையதாள்:
டாங்கிகள் பற்றிய உங்கள் கணக்கை மறுக்கவில்லை, ஆனால் அது பேரேட்டின் ஒரு பக்கந்தான். 1940 கோடையில் பிரிட்டனைக் காப்பாற்றியவை கடற்கரை நெடுக நின்ற ரேடார் கோபுரங்களும் ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் விமானங்களும். 1938இல் ரேடார் நிலையங்கள் தேம்ஸ் முகத்துவாரத்தைச் சுற்றி விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருந்தன.

எல்லைக்கல்:
1940இல் லண்டனைத் தாக்கிய குண்டுவீச்சு விமானங்கள் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பிடித்த தளங்களிலிருந்து பறந்தவை. 1938இல் அந்தத் தளங்கள் ஜெர்மனியிடம் இல்லை. சொந்த நாட்டிலிருந்து கிளம்பினால் துணைக்கு வரும் போர்விமானங்களுக்கு லண்டன் எட்டாத தூரம். மேற்கு எல்லையில் ஜெர்மனி கட்டிக்கொண்டிருந்த அரண்வரிசையும் அரைகுறையாகவே நின்றது. இந்தப் போர் நாட்டை அழித்துவிடும் என்று எச்சரித்த ஜெர்மானியத் தரைப்படைப் பணியாளர் குழுத் தலைவர் லுட்விக் பெக் ஆகஸ்ட்டில் பதவி விலகியதற்கு இத்தகைய ஆயத்தமின்மையும் ஒரு காரணம். நீங்கள் சொல்லும் அந்த ஓராண்டில் சோவியத் ஒன்றியமும் கைநழுவி, 1939 ஆகஸ்ட் 23 அன்று ஹிட்லரோடு உடன்படிக்கை செய்துகொண்டது.

ஓரத்துத்திண்ணை:
இடைபுகுவதற்கு இருவரும் மன்னிக்கவும். மியூனிக்கைப் பாடமாகப் படித்தவர்கள் செய்த கேட்டையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சேம்பர்லின் முசோலினியோடு இணங்கிப்போவதை ஏற்காமல் 1938 பிப்ரவரியில் வெளியுறவு அமைச்சர் பதவியைத் துறந்த ஆண்டனி ஈடன், 1956இல் தாமே பிரதமராக இருந்தபோது எகிப்தின் அதிபர் நாசரிடம் இன்னொரு முசோலினியைக் கண்டார். சூயஸ் கால்வாயை மீட்கப் படையனுப்பி, அமெரிக்காவின் நெருக்கடியில் பின்வாங்கிப் பதவியையும் இழந்தார். எதிரில் நிற்பவர் ஹிட்லரா நாசரா என்பதை முன்கூட்டியே அறிவது எப்படி?

எல்லைக்கல்:
நல்ல கேள்வி, ஐயா. நாசர் தம் நாட்டுக்குள் ஓடும் கால்வாயைத்தான் நாட்டுடைமையாக்கினார். ஹிட்லரை அடையாளம் காண ஜோசியம் எதுவும் தேவைப்படவில்லை, ஒரே வாரம் போதுமானதாக இருந்தது. செப்டம்பர் 15 அன்று ஜெர்மனியின் பெர்க்டெஸ்காடனில் அவர் கேட்டதை, செக்கர்களை நெருக்கிச் சம்மதிக்க வைத்து, 22 அன்று கோடெஸ்பெர்கில் சேம்பர்லின் கொண்டுபோய்க் கொடுத்தார். அது இப்போது போதாது என்று ஹிட்லர் சொல்லிவிட்டார். கேட்டதைக் கொடுத்த பிறகும் விலையை ஏற்றுகிறவரிடம் மூன்றாம் முறையும் போனதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பழையதாள்:
கோடெஸ்பெர்க் என் வாதத்தின் பலவீனமான இடம், ஒப்புக்கொள்கிறேன். இரு நாடுகளும் இனி ஒன்றோடொன்று போரிட விரும்பவில்லை என்று செப்டம்பர் 30 காலையில் ஹிட்லரிடம் கையெழுத்து வாங்கிய தாளை ஹெஸ்டன் விமானதளத்தில் கூட்டத்தின் முன் உயர்த்திப் பிடித்ததையும், நம் காலத்துக்கான அமைதி என்று அன்று மாலை சொன்னதையும் பார்த்தால், அவர் வெறும் அவகாசத்துக்காகப் பேரம் பேசியவராகத் தெரியவில்லை. அந்தக் கையெழுத்தை நம்பியிருக்கிறார். ஆயினும் ஒன்றில் நான் பின்வாங்கமாட்டேன். 1938இல் போரில் இறங்கியிருந்தால் சூடேட்டன்லாந்தின் 30 லட்சம் ஜெர்மானியர் ஜெர்மனியோடு சேர்வதைத் தடுக்கவா நம் பிள்ளைகள் சாக வேண்டும் என்று பிரிட்டனில் பாதிப்பேர் கேட்டிருப்பார்கள். பிராக் விழுந்த பிறகு 1939இல் அந்தக் கேள்வி எழவில்லை.

எல்லைக்கல்:
எழவில்லை என்பது உண்மை. அந்த ஒற்றுமைக்காகப் பிராக் விழ வேண்டியிருந்தது என்பதைச் செக்கர் ஒருவரிடம் எப்படிச் சொல்வீர்கள் என்பதையும் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.