கூலிங் டவர்: மருந்து போட்டும் கல் படியுது, ஏன்?

கொட்பே ஐஸ்:
சின்ன ஐஸ் ஆலை. டவர் (சூடான தண்ணியை ஆற்றுறது) கல்வனைஸ் தகடு, கொண்டென்சர் (ஐஸ் மெசினின்ர சூட்டைத் தண்ணிக்குக் குடுக்கிற பகுதி) செப்பு ரியூப். மணிக்கு 10 கன மீற்றர் தண்ணி சுத்துது, வெப்ப வித்தியாசம் 5 பாகை. தொட்டியும் பைப்பும் சேர்த்து 1,500 லீற்றர். ரெஸ்ட், லீற்றருக்கு மில்லிகிராமில்: கிணறு வன்மை (கல்லாப் படியிற கல்சியம், மக்னீசியம்) 320, குளோரைட் 140, தொட்டி வன்மை 960, குளோரைட் 660, பீஎச் 8.6. நாளுக்கு ஒருக்கா வடிகால் திறக்கிறம். கல் பிடிக்காத மருந்தும் போடுறம். எண்டாலும் ஹெட் பிரஷர் (கம்பிரசர் வெளித்தள்ளுற பக்கத்து அழுத்தம்) ஏறுது. பைப்பில மாட்டுற காந்தம் வாங்கலாமோ?

நிலாவெளி மெக்கானிக்:
காந்தத்துக்குக் காசு ஒதுக்க முதல் உங்கட ரெஸ்ட்டையே பாருங்கோ. குளோரைட் படியாது, அதால தண்ணி எத்தனை மடங்கு இறுகினது எண்டு அதுதான் சொல்லும். 660ஐ 140ஆல் பிரிச்சால் 4.7. வன்மையும் அதே அளவு ஏறியிருந்தால் 1,500 காட்ட வேணும், காட்டுறது 960. மிச்ச 540 கல்லாய்ப் படிஞ்சு, கூடுதலாய் ரியூபுக்குள்ள ஒட்டிக்கொண்டிருக்கு.

உங்கட ஓட்டத்துக்கு மணிக்கு 85 லீற்றர் அளவில ஆவியாகும். கிணத்துத் தண்ணியை விட 2.5 மடங்குக்கு மேல இறுகாமல் நிறுத்த, 85ஐ 1.5ஆல் (2.5இல் 1 கழிச்சது) பிரியுங்கோ: மணிக்கு 57 லீற்றர் வடிய வேணும். ஒருக்காத் திறந்து மூடினால் அடுத்த நாள் வரைக்கும் இறுகிக்கொண்டே போகும். டவருக்குத் திரும்பிற பைப்பில அரை அங்குல வால்வு போடுங்கோ, பம்ப் ஓடேக்க மட்டும் வடியும். 10 லீற்றர் வாளி நிரம்பப் பத்தரை நிமிசம் எடுத்தால் அளவு சரி. இவ்வளவு சின்னத் திறப்பு பாசியால அடைபடும். கிழமைக்கு ஒருக்கா முழுசாத் திறந்து கழுவி, வாளி வைச்சு ஓட்டத்தைத் திரும்ப அளவுங்கோ.

உப்புக்காற்று:
வடிப்பு சரி, ஆனால் படிஞ்ச கல் அதால போகாது. கொண்டென்சரின் தண்ணிப் பக்கத்தை டவரில இருந்து பிரியுங்கோ. அசிட் டவருக்குப் போனால் கல்வனைஸ் தகட்டின்ர நாகப் பூச்சு உரிஞ்சிடும். 100 லீற்றர் தண்ணியில 5 கிலோ சல்பாமிக் அசிட், அசிட் செப்பை அரிக்காமல் காக்கிற தடுப்பானோட. பிளாஸ்டிக் பம்பால கீழிருந்து மேல சுத்த விடுங்கோ, மேல காஸ் போக வழி திறந்திருக்கட்டும். பீஎச் 3.5ஐத் தாண்டினால் அசிட் தீர்ந்திட்டுது, இன்னும் போடுங்கோ. குமிழி நிண்டு அரை மணித்தியாலம் பீஎச் அசையாமல் இருந்தால் வேலை முடிஞ்சுது. பிறகு சலவைச் சோடாக் கரைசலால அலசுங்கோ. குளோரின் கிட்டயும் வரக்கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

கொட்பே ஐஸ்:
குளோரின் எப்ப, எவ்வளவு? பாசி பச்சையாய் வழுக்குது.

உப்புக்காற்று:
12 வீதக் குளோரின் திரவம் 62 மில்லிலீற்றர் விட்டால் உங்கட 1,500 லீற்றருக்கு 5 பீபீஎம் (லீற்றருக்கு 5 மில்லிகிராம்) வரும். கான் வெயிலில கிடந்து பழசானதெண்டால் கொஞ்சம் கூட்டுங்கோ. பொழுதுபட்ட பிறகு, வடிகாலை மூடி, பம்ப் ஓடேக்க குளோரினை ஊத்துங்கோ. பகல் வெயில் அதைத் தின்னும். 8.6 பீஎச்சில குளோரினுக்குப் பல்லில்லை, பத்தில ஒரு பங்குதான் வேலை செய்யும். வடிப்பைக் கூட்டப் பீஎச்சும் இறங்கும், அதுக்குப் பிறகுதான் அளவைத் தீர்மானியுங்கோ. தொட்டி கழுவேக்க முகக்கவசம் போடுங்கோ, தெறிக்கிற நீர்த்துளியில லெஜியொனெல்லா (நிமோனியா வருத்தம் தாற பக்டீரியா) இருக்கலாம்.

நிலாவெளி மெக்கானிக்:
ஆடி, ஆவணியில கரையோரக் கிணறு உவர்க்கும். அப்ப 2.5 மடங்கெண்டே இருந்தாலும் தகடு துருப்பிடிக்கும். கிழமைக்கு ஒருக்காக் கிணத்துக் குளோரைட்டையும் அளவுங்கோ. மாரி மழைக்குப் பிறகு வால்வைக் கொஞ்சம் இறுக்கலாம், ஆனால் அளந்த பிறகு மட்டும்.