ஏஏசி பிளாக் இபிடி: ஒன்றில் 198, இன்னொன்றில் 0.36. எது நல்லது? (அவசரம்)

பெருங்குடி_சைட் | இரவு 9.40
ஏஏசி பிளாக்குக்கு (இலேசான காற்றடைத்த கான்கிரீட் கல்) இரண்டு நிறுவனங்களின் இபிடி (பொருளின் சுற்றுச்சூழல் பாதிப்பைச் சொல்லும் அறிக்கை) கையில் இருக்கிறது. புவி வெப்பமாதல் எண் (கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்) ஒன்றில் 198, மற்றதில் 0.36. இரண்டாவதுதானே நல்லது? ஆனால் இவ்வளவு வித்தியாசம் இருக்க முடியுமா? காலை 10 மணிக்குக் கட்டட ஆலோசகரிடம் கொடுக்க வேண்டும்.

ஈரச்சுவர் | 9.52
எதற்கு 198? ஒரு கன மீட்டருக்கா, டன்னுக்கா? முதல் பக்கத்தில் ‘அறிவிக்கப்பட்ட அலகு’ என்று இருக்கும், பாருங்கள்.

மடிப்பாக்கம்_ஆர்க்கி | 9.55
எந்த ஆண்டு அறிக்கை? கட்டடப் பொருள் இபிடிக்கான ஐரோப்பியத் தரநிலை இஎன் 15804-இல் எந்தப் பதிப்பு? மூலப்பொருள் முதல் இடிப்பு வரை எந்தெந்தக் கட்டங்கள்?

சிமென்ட்_தாத்தா | 10.03
தம்பி, மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறீர்கள். இபிடிக்கான ஐஎஸ்ஓ 14025 தரநிலை வந்தது 2006-இல். இன்னும் யாரும் இரண்டாம் பக்கத்தைத் திருப்புவதில்லை. இபிடி என்பது பரிசுக் கோப்பை அல்ல, மதிப்பெண் பட்டியல். தேறாதவனுக்கும் அது உண்டு.

பெருங்குடி_சைட் | 10.20
மன்னிக்கவும் ஐயா. முதலாவது கன மீட்டருக்கு, இரண்டாவது கிலோவுக்கு. இரண்டாவதன் அடர்த்தி கன மீட்டருக்கு 620 கிலோ. முதலாவது பழைய பதிப்பு, இரண்டாவது 2019 திருத்தம். எல்லாக் கட்டங்களையும் கூட்டித்தான் 0.36 வந்தது. முதலாவதில் ஏ1–ஏ3 (மூலப்பொருள் முதல் ஆலை வாசல் வரை) தவிர மற்ற இடமெல்லாம் ‘எம்என்டி’ என்று இருந்ததால் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஈரச்சுவர் | 10.31
அங்கேதான் வழுக்கியது! எம்என்டி என்றால் பூஜ்யம் அல்ல, கணக்கிட்டுச் சொல்லவில்லை என்று பொருள். பழைய பதிப்பில் ஏ1–ஏ3 மட்டும் சொன்னால் போதும். 2019 திருத்தத்துக்குப் பிறகுதான் பெரும்பாலான பொருள்களுக்கு இடிப்பு, கழிவு (சி1–சி4), மறுசுழற்சிப் பலன் (டி) வரை கட்டாயமானது. இரண்டாவதிலும் ஏ1–ஏ3 மட்டும் எவ்வளவு?

பெருங்குடி_சைட் | 10.34
0.31.

ஈரச்சுவர் | 10.41
0.31 × 620 = 192. முதலாவது 198. இருநூறு மில்லிமீட்டர் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு 38.4-உம் 39.6-உம். இதை வைத்து யாரையும் ஜெயித்தவர் என்று சொல்லாதீர்கள்.

தரவு_பைத்தியம் | 10.48
கணக்குக்கு எண்களை எடுத்த தரவுத்தளத்தை யாருமே கேட்கவில்லையே? ஒருவர் ஈகோஇன்வென்ட், இன்னொருவர் வேறொன்று என்றால் சிமென்டின் எண்ணே மாறிவிடும். நான் எப்போதும் சொல்வதுதான்.

கொத்தனார்_மகன் | 10.55
பேசாமல் செங்கல் வையுங்கள். ஏஏசி சுவர் இரண்டு கோடைக்குள் பூச்சு விரிகிறது.

மடிப்பாக்கம்_ஆர்க்கி | 10.59
தூணும் சுவரும் சேரும் இடத்தில் கோழிவலை அடிக்காமல் பூசினால் எந்தச் சுவரும் விரியும். உங்கள் சூளைக்கு இபிடி உண்டா?

கொத்தனார்_மகன் | 11.04
தாளில் எழுதாததால் புகை வரவில்லை என்று யார் சொன்னது? எங்கள் அப்பா கட்டிய வீடு நாற்பது வருடமாக நிற்கிறது.

சிமென்ட்_தாத்தா | 11.07
அந்த நாற்பது வருடம்தான் பி கட்டம், அதாவது பயன்பாட்டுக் காலம். தற்செயலாகச் சரியாகப் பேசிவிட்டீர்கள்.

பெருங்குடி_சைட் | 11.15
ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். முதலாவது ஸ்ரீபெரும்புதூர் ஆலை, இரண்டாவது சூரத் பக்கமிருந்து வருகிறது. அது முக்கியமா?

ஈரச்சுவர் | 11.22
கேள்வியே அதுதான், தம்பி! இரண்டாவது இபிடியில் ஏ4 (ஆலையிலிருந்து சைட்டுக்குக் கொண்டுவருவது) எத்தனை கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள்?

பெருங்குடி_சைட் | 11.25
100.

ஈரச்சுவர் | 11.33
பெருங்குடிக்குச் சுமார் 1,600. லாரிக்கு டன்-கிலோமீட்டருக்கு 0.1 கிலோ என்று தோராயமாக வைத்தாலும், 0.62 × 1600 × 0.1 = கன மீட்டருக்கு ஏறத்தாழ 99. ஆலை வாசல் வரை ஆன 192-இல் பாதி, வழியிலேயே. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வருவதற்கு மூன்று கிலோகூட ஆகாது. ஆலோசகரிடம் ஏ1–ஏ3 தனியாகவும், நீங்கள் கணக்கிட்ட ஏ4 தனியாகவும் காட்டுங்கள். இரண்டின் அமுக்க வலிமையும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். வலிமை வேறென்றால் ஒப்பீடே வேறு.

தரவு_பைத்தியம் | 11.40
லாரிக்கு 0.1 எந்தத் தரவுத்தளம்?

பெருங்குடி_சைட் | மறுநாள் மதியம் 1.10
ஸ்ரீபெரும்புதூர் பிளாக்குக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. நன்றி அண்ணா.

ஈரச்சுவர் | 1.25
வலிமையைப் பார்த்தீர்களா?

கொத்தனார்_மகன் | 6.02
கோழிவலை அடித்தும் விரிந்த சுவரின் படத்தை நாளை போடுகிறேன்.