புதுப்பிப்பு: 0.04 மி.மீ. எங்கே போனது?

போன பதிவில் சொன்ன சர்வோ அச்சு (மோட்டார் திருகைச் சுழற்றி மேசையை நகர்த்தும் அமைப்பு) நினைவிருக்கும். ஒரே இடத்துக்குப் போகச் சொன்னாலும் இடமிருந்து வந்தால் ஓரிடம், வலமிருந்து வந்தால் 0.04 மி.மீ. தள்ளி வேறிடம். மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று எண்ணும் என்கோடரின் ரெசல்யூஷன், அதாவது அது பிரித்தறியும் நுணுக்கம், போதவில்லை என்று எழுதியிருந்தேன். தப்பு என்னுடையது.

கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். 2500 கோட்டு என்கோடர், ஒரு கோட்டை நான்காக எண்ணும் குவாட்ரேச்சரில் சுற்றுக்கு 10,000 எண்ணிக்கை. மேசையை நகர்த்தும் திருகான பால் ஸ்க்ரூ சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும். ஆக, ஓர் எண்ணிக்கைக்கு அரை மைக்ரான். இதுக்கு மேல் என்ன வேண்டும்?

நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்து ஒரே திசையிலிருந்து பத்து முறை அணுகினேன், முள் அசையவில்லை. ரிப்பீட்டபிலிட்டி, அதாவது அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும் திறன், நன்றாகவே இருக்கிறது. திசை மாறும்போது மட்டும் பிழை என்றால் அது பேக்லாஷ், அதாவது பாகங்களுக்கு இடையே உள்ள தளர்வு. ஸ்க்ரூ முனை பேரிங்கை இறுக்கிப் பிடிக்கும் லாக்நட் தளர்ந்திருந்தது.

ஃபாலோயிங் எரர், அதாவது கட்டளையிட்ட இடத்துக்கும் என்கோடர் காட்டும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம், ஏன் ஏறவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. என்கோடர் மோட்டாரின் பின்னால் இருக்கிறது. அதற்குப் பிறகு மேசை என்ன செய்கிறது என்று மோட்டாரை இயக்கும் டிரைவுக்குத் தெரியாது. மேசையின் இடத்தையே நேராக அளக்கும் லீனியர் ஸ்கேல் இருந்தால் பிழை அதில் மாட்டியிருக்கும்.

நட்டை இறுக்கியபின் 0.005 மி.மீ. மிச்சம். அதை, திசை மாறும்போது அந்த அளவைச் சேர்த்து ஈடுகட்டும் கன்ட்ரோலரின் பேக்லாஷ் காம்பென்சேஷனில் போட்டுவிட்டேன். பிழைக்கு டிரைவ் எவ்வளவு தீவிரமாக எதிர்வினை காட்டும் என்று தீர்மானிக்கும் கெயினைத் தொடவே இல்லை.