கருப்பு அம்மா, செவலை அப்பா, குட்டி மட்டும் பழுப்பு: எப்படி?

மேமியோ வண்டிக்காரன்:
எங்கள் பெட்டைக் குதிரை நல்ல கருப்பு. போன வருஷம் ஒரு செவலையோடு சேர்த்தோம், 11 மாதம் கழித்துக் குட்டி போட்டிருக்கிறது. உடம்பு பழுப்பு, பிடரியும் வாலும் கருப்பு. பக்கத்து வீட்டுக்காரர், "கருப்புக்கும் செவலைக்கும் இப்படிப் பிறக்காது, வேலி தாண்டியது என் வெள்ளைக் குதிரைதான்" என்று குட்டியில் பங்கு கேட்கிறார். நிஜமாகவே பிறக்காதா?

மாந்தளை ராசா:
தாராளமாகப் பிறக்கும். எம்.சி.1.ஆர் என்ற ஜீன்தான் மயிரில் கருநிறமி உண்டா இல்லையா என்று முடிவு செய்கிறது, அதன் செவலை வடிவம் அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் குட்டி செவலையாகும். அப்புறம் அகூட்டி என்று இன்னொன்று, அது கருப்பை உடம்பிலிருந்து விலக்கி பிடரி, வால், கால், காது ஓரம் என்று ஒதுக்கிவிடும். செவலையின் மயிரில் ஒதுக்குவதற்குக் கருநிறமியே கிடையாது, அதனால் அகூட்டி இருந்தாலும் வெளியே தெரியாது. கருப்பைக் கொடுத்தது அம்மா, ஒதுக்கியது அப்பன் கொடுத்தது. இரண்டு செவலைக்குப் பழுப்பு பிறந்திருந்தால்தான் வேலியைப் போய்ப் பார்க்கணும்.

பெகு தம்பி:
பெட்டை அசல் கருப்புதானா அண்ணா? வெயிலில் நிறுத்தி மூக்கு நுனியையும் விலாவையும் பாருங்கள். அங்கே பழுப்பு மயிர் இருந்தால் அகூட்டி அம்மாவிடமே இருக்கலாம்.

ரங்கூன் அக்கா:
எல்லாரும் வெள்ளைக் குதிரையை விட்டுவிட்டீர்களே! அந்த மாதிரிக் குதிரை பிறக்கும்போது வேறு நிறம், வருஷா வருஷம் நரைத்து வெளுக்கும். எஸ்.டி.எக்ஸ்.17 ஜீனில் ஒரு துண்டு இரட்டித்திருப்பதுதான் காரணம், 2008-ல் கண்டுபிடித்தார்கள். ஒரு பிரதி வந்தாலே நரைக்கும், பெற்றவர்களில் ஒருவராவது நரைக்கிற ஜாதியாக இருந்தாகணும். குட்டியின் கண்ணைச் சுற்றி வெள்ளை மயிர் முளைத்தால் அவர் சொல்வது சரி, பேசாமல் பங்கைக் கொடுங்கள். முளைக்காவிட்டால் மட்டும் அவர் குதிரை இல்லை என்று ஆகிவிடாது, ஒற்றைப் பிரதி வைத்திருந்தால் பாதிக் குட்டிகள் நரைக்காது.

மேமியோ வண்டிக்காரன்:
மூக்கு கன்னங்கரேலென்று இருக்கிறது தம்பி. கண்ணோரம் இதுவரை ஒன்றும் இல்லை அக்கா. ஆனால் தன் குதிரை போட்ட குட்டி ஒன்றுவிடாமல் வெளுத்துவிடும் என்று அவரே டீக்கடையில் பெருமையடிப்பார்.

ரங்கூன் அக்கா:
அப்படியானால் அதனிடம் இரண்டு பிரதியும் இருக்கும் போலிருக்கிறது. அது உண்மையென்றால் உங்கள் குட்டியும் வெளுத்தே ஆகணும். ஒரு வருஷம் தவணை சொல்லுங்கள். அவசரமென்றால் பிடரி மயிரை வேரோடு பிடுங்கி டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பலாம், செலவு அவருடையது.