சாக் பேனிக்: சரிபார்க்க வேண்டிய இடம் எது?

ரூட்காவல்:
2019 ஜூனில் வெளிவந்த சாக் பேனிக் என்ற பாதுகாப்பு ஓட்டை ஞாபகம் இருக்கிறதா? நெட்ஃபிளிக்ஸில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். 2.6.29 பதிப்பிலிருந்து வந்த லினக்ஸ் கர்னல்களை (இயங்குதளத்தின் மையப் பகுதி) வெளியிலிருந்தே கவிழ்க்க முடிந்தது. எதிர்முனை எம்எஸ்எஸ்ஸை (ஒரு டிசிபி செக்மென்ட்டில் ஏற்கும் உச்ச அளவு) மிகச் சிறிதாகச் சொன்னால் கர்னலும் 48 வரை இறங்கிப்போகும். ஆப்ஷன்களுக்கு 40 போக, ஒரு செக்மென்ட்டில் 8 பைட் டேட்டா. வெளியாள் தரும் எண்ணை இப்படியா நம்புவது? வாசலிலேயே மறித்திருக்க வேண்டும். பேட்ச்சோடு குறைந்தபட்ச எம்எஸ்எஸ்ஸுக்கு ஒரு செட்டிங் கொடுத்தார்கள், அதன் டீஃபால்ட்டும் அதே 48! இதைத் திருத்தம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பாக்கெட்பித்தன்:
கோளாறு 48-இல் இல்லை நண்பரே, எண்ணிக்கையில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு எஸ்கேபியில் (கர்னல் பாக்கெட் டேட்டாவை வைக்கும் பஃபர்) 17 துண்டு, எக்ஸ்86-இல் துண்டுக்கு 32 கேபி. மொத்தம் 5,57,056 பைட். எட்டால் வகுத்தால் 69,632 செக்மென்ட். அதை எண்ணி வைக்கும் இடமோ 16 பிட். 65,535-க்கு மேல் கொள்ளாது. சாக் (எந்தெந்த டேட்டா வந்து சேர்ந்தது என்று எதிர்முனை அனுப்பும் குறிப்பு) வந்ததும் கர்னல் அடுத்தடுத்த எஸ்கேபிகளை ஒன்றாகச் சேர்க்கும்போது எண் நிரம்பி, சுற்றிவந்து சின்னதாகிவிடும். அடுத்து பக்_ஆன் (தவறு கண்டால் கர்னலையே நிறுத்தும் சோதனை), மெஷின் காலி. சேர்ப்பதற்கு முன் இரண்டு எண்ணிக்கையையும் கூட்டிப் பார், 65,535-ஐத் தாண்டினால் சேர்க்காதே: பேட்ச்சின் உயிர் இதுதான்.

ரூட்காவல்:
அது மெஷின் விழாமல் காக்கும், சரி. கூடவே வெளியான சிவிஇ-2019-11479 என்ற இன்னொரு ஓட்டைக்கு என்ன பதில்? அங்கே எதுவும் நிரம்புவதில்லை. 8 பைட் அனுப்ப ஒரு முழு பாக்கெட். சிபியுவும் பேண்ட்வித்தும் வீண். உங்கள் கூட்டல் சோதனை அதைத் தொடவே இல்லையே. உடனே பேட்ச் போட முடியாதவர்களுக்குச் சொன்ன வழிகளில் ஒன்று, சின்ன எம்எஸ்எஸ்ஸோடு வரும் கனெக்‌ஷனை ஐபிடேபிள்ஸ் ஃபயர்வாலில் தடுப்பது. நான் கேட்பதும் அதே மறிப்புத்தான்.

பாக்கெட்பித்தன்:
அந்தத் தடுப்பு எம்டியு ப்ரோபிங் (வழியில் எவ்வளவு பெரிய பாக்கெட் போகும் என்று கர்னல் சோதித்துப் பார்ப்பது) அணைந்திருந்தால்தான் பலிக்கும் என்று அதே அறிவிப்பில் இருந்ததே! ப்ரோபிங் ஓடினால் கனெக்‌ஷன் அமைந்த பிறகு கர்னல் தானே எம்எஸ்எஸ்ஸைக் குறைத்துக்கொள்ளும். வாசலில் யாரை மறித்து என்ன பயன்? அப்புறம், ஐபிவி4-இல் எம்டியு, அதாவது லிங்க்கில் போகும் பாக்கெட்டின் உச்ச அளவு, 68 பைட் வரை இறங்கலாம். டீஃபால்ட்டை 500-க்கு ஏற்றினால், அப்படிப்பட்ட லிங்க்கில் இருப்பவருக்குப் பெரிய பாக்கெட்டாகப் போய் வழியிலேயே விழும். கர்னல் ஓடுகிற இடமெல்லாம் உங்கள் டேட்டா சென்டர் இல்லை.

புதுக்கம்பைலர்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நெட்வொர்க்கிலிருந்து வரும் தரவு எட்டுகிற இடத்தில் பக்_ஆன் ஏன் இருந்தது? ஒரு எண் தப்பினால் முழு மெஷினும் விழ வேண்டுமா? அதே பேட்ச்சில் அதை வார்ன்_ஆன்_ஒன்ஸ் (ஒருமுறை எச்சரித்துவிட்டுத் தொடர்வது) ஆக்கினார்கள். எனக்கு அதுவே முக்கியம்.

ரூட்காவல்:
அதில் எனக்கும் மறுப்பில்லை. ப்ரோபிங் பற்றிச் சொன்னதையும் ஏற்கிறேன், உள்ளே சோதனை வேண்டும்தான். ஆனால் 48-ஐ விடமாட்டேன். நான் பார்த்துக்கொள்ளும் சர்வர்களில் 536 வைத்திருக்கிறேன். அப்படி ஒரு செட்டிங் இருப்பதே தெரியாதவருக்கு யார் பொறுப்பு?

பாக்கெட்பித்தன்:
அதை டிஸ்ட்ரோக்கள் (கர்னலைத் தொகுத்துத் தரும் லினக்ஸ் வெளியீடுகள்) ஏற்றட்டும். தங்கள் பயனாளர் யார் என்று அவர்களுக்குத் தெரியும், கர்னலுக்குத் தெரியாது.