இம்பிளான்ட்: அரை மில்லிமீட்டர் எலும்புக்குக் கூடுதல் பணமா?

தண்டையார்பேட்டை செல்வி:
அம்மாவுக்குக் கீழ்க் கடைவாயில் பக்கத்துப் பக்கத்துப் பல் இரண்டு இல்லை. ஒரு டாக்டர் சாதாரண இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) போதும் என்கிறார். இன்னொருவர் பிளாட்ஃபார்ம் ஸ்விட்சிங் வகைதான் எலும்பைக் காக்கும் என்கிறார், ஆனால் விலை கூட. அம்மாவுக்கு 12 வருஷமாகச் சுகர். எதைப் போடுவது?

பெரம்பூர் பல் டாக்டர்:
இரண்டாவதைப் போடுங்கள். இம்பிளான்ட்டும் மேலே பொருத்தும் அபட்மென்ட்டும் ஒரே அகலமாக இருந்தால், சேரும் இடுக்கு எலும்பின் விளிம்பை ஒட்டியே வரும். அதில் கிருமி தங்கி, சுற்றியுள்ள எலும்பு கரையும். அபட்மென்ட் ஒடுக்கமாக இருந்தால் இடுக்கு எலும்பை விட்டு உள்ளே தள்ளிப்போகும். அதுதான் பிளாட்ஃபார்ம் ஸ்விட்சிங். இது தற்செயலாகத் தெரியவந்த விஷயம். 1991 வாக்கில் அகல இம்பிளான்ட்டுக்கு ஏற்ற அபட்மென்ட் கிடைக்காமல் அதைவிட ஒடுக்கமான 4.1 மில்லிமீட்டர் அபட்மென்ட்டையே மாட்டினார்கள். பிறகு எக்ஸ்ரே பார்த்தால் எலும்பு அவ்வளவாக இறங்கவில்லை. ஆய்வாளர்கள் லசாராவும் போர்ட்டரும் 2006இல் இதை எழுதினார்கள்.

காசிமேடு குமார்:
டாக்டர், எனக்கும் அந்த வகைதான் போட்டார்கள். நான்கே வருஷத்தில் ஆட்டம் கண்டு, எடுத்துவிட்டார்கள். தினம் ஒரு பாக்கெட் சிகரெட் பிடிப்பேன். அதை நிறுத்தச் சொல்லி அந்த கிளினிக்கில் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. டிசைனால் மிச்சமாவது சராசரியாக அரை மில்லிமீட்டருக்குள்தானே? சுகரைக் கட்டுப்படுத்தாமல் அதற்குப் பணம் கொட்டுவது தப்பு.

பெரம்பூர் பல் டாக்டர்:
அரை மில்லிமீட்டரைக் குறைவாக நினைக்காதீர்கள். முதல் வருஷத்துக்குப் பிறகு ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டருக்கு மேல் எலும்பு இறங்கக் கூடாது என்பது 1986இலேயே வகுத்த அளவுகோல். அப்படியென்றால் அரை மில்லிமீட்டர் என்பது இரண்டு வருஷத்துக்கும் மேலான இழப்புக்குச் சமம். கீழ்த்தாடையில் நரம்பு ஓடுவதால் சிலருக்கு 8 மில்லிமீட்டர் இம்பிளான்ட்தான் வைக்க முடியும். அங்கே ஒவ்வொரு துளி எலும்பும் வேண்டும்.

காசிமேடு குமார்:
சரி. ஈறு மெல்லிசாக இருந்தால் இந்த டிசைனும் கைகொடுக்காது என்கிறார்களே, அதை அளந்து பார்த்துவிட்டா விலை சொல்கிறார்கள்?

பெரம்பூர் பல் டாக்டர்:
நியாயமான கேள்வி. ஈறு 2 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் ஒடுக்கமான அபட்மென்ட் வைத்தாலும் எலும்பு இறங்கும். அளந்தே ஆக வேண்டும். செல்வி, இரண்டு இம்பிளான்ட்டுக்கு நடுவே 3 மில்லிமீட்டராவது இடம் விடுவார்களா என்றும் கேளுங்கள்.

காசிமேடு குமார்:
கேப்பை (மேலே மாட்டும் செயற்கைப் பல்லை) சிமென்ட் வைத்து ஒட்டுவார்களா, ஸ்க்ரூ போடுவார்களா என்பதையும் கேளு தங்கச்சி. ஈறுக்கடியில் மிஞ்சிய சிமென்ட்டும் எலும்பைக் கெடுக்கும்.

தண்டையார்பேட்டை செல்வி:
நன்றி டாக்டர், நன்றி அண்ணே. அம்மாவின் மூன்று மாதச் சுகர் சராசரி (HbA1c) 8.9 சதவீதம் இருக்கிறது. முதலில் அதை இறக்குகிறோம். அப்புறம் இரண்டு டாக்டரிடமும் ஈறை அளக்கச் சொல்லிக் கேட்கிறேன்.